மாரியில் நாற்றுப் போட எந்தச் சாடி?

கேள்வி: விசுவமட்டில் மேட்டுக்காணியில் தோட்டம் செய்கிறேன். கார்த்திகை மழைக்குள் மிளகாய், தக்காளி, பூசணி விதைகளை மீன் வரும் பழைய ரெஜிபோம் பெட்டிகளில் இரண்டு அங்குலம் மண் பரப்பி விதைத்தேன். நன்றாக முளைத்தும், ஒரு கிழமைக்குள் அடித்தண்டு நீர்கோத்துக் கறுத்துக் கன்றுகள் சரிந்துவிட்டன. மண்ணை மாற்றியும் பயனில்லை. அடுத்த முறை எதில் விதைப்பது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் அறிகுறிகள் நாற்றழுகல் நோய்க்குரியவை. பித்தியம் முதலான நுண்ணுயிர்களால் வரும் இந்நோய், ஈரம் வடியாத மண்ணிலும் அசையாத காற்றிலும் பெருகும். குளிர்நாட்டவர் மாரி விதைப்புக்குச் சூட்டைக் காக்கும் மூடிய பெட்டிகளைத் தேடுவர். வன்னியில் மார்கழி இரவிலும் அத்தேவை இல்லை. நமக்குத் தேவை நீரை விரைவாக விடும் சாடியே.

உங்கள் பெட்டியில் மூன்று குறைகள் சேர்ந்துள்ளன. அடியில் துளை இல்லை. உயர்ந்த சுவர்கள் கன்றுகளுக்கு நிழல் போட்டுக் காற்றையும் மறித்துவிட்டன. மண்ணோ மிக மெல்லிய படையாக இருந்தது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துக் கிடையாகப் பிடித்து, நீர் சொட்டி முடிந்தபின் நிமிர்த்திப் பாருங்கள், மீண்டும் சொட்டும். சாடி மண்ணும் அவ்வாறே. துளை இருந்தாலும் அடியில் ஒரு படை நனைந்தே நிற்கும். அப்படையின் உயரம் மண்கலவையைப் பொறுத்ததேயன்றிச் சாடியைப் பொறுத்ததன்று. ஆகவே தாழ்ந்த தட்டில் மண்ணின் பெரும்பகுதி சேறாகவும், உயர்ந்த சாடியில் மேற்பகுதி காற்றோட்டத்துடனும் இருக்கும். அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்பதும் தவறான நம்பிக்கை. கற்கள் அந்த ஈரப்படையை வேருக்கு அருகே உயர்த்தவே செய்யும்.

மிளகாயும் தக்காளியும் அதிகம் போடுவதாயின், குழிகள் கொண்ட நாற்றுத் தட்டே நல்லது. ஒரு குழியில் அழுகல் வந்தாலும் அடுத்ததற்கு எளிதில் பரவாது. தக்காளிக்கு மூன்று, மிளகாய்க்கு நான்கு அல்லது ஐந்து கிழமைகள் தேவைப்படுவதால், மிளகாய்க்குப் பெரிய குழிகளைத் தெரிவு செய்யுங்கள். சில நூறு கன்றுகள் போதுமெனில் யோகட் கோப்பைகளே தாராளம். அவற்றில் அடியில் மட்டும் துளையிட்டால் சமதரையில் வைக்கும்போது அது அடைபடும். பக்கவாட்டிலும் அடியை ஒட்டி மூன்று துளைகள் இடுங்கள். ஒளி ஊடுருவும் கோப்பையாயின் உட்புறம் பாசி பிடிக்கும். வெளியே கடதாசி சுற்றுங்கள். மண்சட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை விடுவதால் மாரிக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் பாரமும் செலவும் அதிகம். செய்தித்தாளில் செய்யும் கோப்பைகளை இக்காலத்தில் தவிருங்கள், மழையில் கரைந்துவிடும்.

பூசணியைத் தனியே கருத வேண்டும். அதன் வேர் குலைந்தால் கன்று தேற நாட்கள் எடுக்கும். பனையோலையை மடித்துக் கோப்பைபோல் பிளா கோலி, அடியைக் கீறிவிட்டு, ஒன்றில் ஒரு விதை இடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாட்களில், வித்திலைகளுக்குப் பின் இரண்டு உண்மையான இலைகள் வந்ததும், ஓலையைப் பிரித்து மண்கட்டி குலையாமல் நடலாம். கண் துளைத்த சிரட்டையும் உதவும், ஆனால் ஆழம் குறைவு என்பதால் பிந்தாமல் நட வேண்டும்.

பழைய பெட்டிகளை எறிய வேண்டாம். சுவரை ஐந்து அங்குலத்துக்கு வெட்டி, கைச்சாண் இடைவெளியில் விரல் பருமனான துளைகள் இட்டு, விளிம்புவரை கலவை நிரப்பினால் அவை நல்ல தட்டுகளாகும். மீனுப்பு போக நன்றாக அலசி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு 9 பங்கு நீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து மீண்டும் கழுவுங்கள். மண்ணை மட்டும் மாற்றிப் பெட்டியை விட்டதால்தான் நோய் திரும்பியிருக்கக்கூடும். தோட்டத்துச் சிவந்த மண் நனைந்து காயும்போது இறுகும். அரித்த கூட்டெருவும் அலசிய தும்புத்தூளும் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

எந்தச் சாடியையும் நிலத்தில் வைக்காதீர்கள். காட்டுத்தடியில் இடுப்பளவு பரண் கட்டி, மேலே தெளிந்த பொலித்தீனை வளைத்து, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மேல்மண் வெளிறிய பிறகு, காலையில் மட்டும் நீர் தெளித்தால் போதும்.