கம்பனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று சொல்லவைக்கும் சட்டத்தை எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

பங்குப் பதிவேட்டில்தான் பெயர் இருக்கிறதே, பிறகு எதற்குத் தனிச் சட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கொழும்பில் கம்பனிச் செயலாளராக வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஐயா படிவம் 18இல், அதாவது இயக்குநர் சம்மதப் படிவத்தில், கையெழுத்து வைக்க வந்தார். பேனையைக் கையில் எடுத்த பிறகுதான், "தம்பி, இது என்ன கம்பனி?" என்று கேட்டார். பங்கில் பாதி அவர் பெயரில் இருந்தது. முதலாளியின் வாகனத்தை ஓட்டுபவர் அவர். பதிவேடு அவரைத்தான் உரிமையாளர் என்கிறது! பினாமி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அதை வரையறுக்கப் போனால்தான் தலையிடி.

முதலில், இத்தனை பங்குக்கு மேல் வைத்திருப்பவரே உண்மையான உரிமையாளர் என்று ஒரு வீதம் வைப்பார்கள். பிரித்தானியா 2016இல் கொண்டுவந்த உண்மையான உரிமையாளர் பதிவேட்டில் அது 25 வீதத்துக்கு மேல். சரி, அண்ணன், தம்பி, மச்சான் என்று ஐந்து பேருக்கு இருபது இருபதாகப் பிரித்தால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு ஒரு கம்பனியில் 60 வீதம், அந்தக் கம்பனிக்கு இன்னொன்றில் 40 வீதம். பெருக்கினால் 24, நான் தப்பிவிடுவேன். ஆனால் முதல் கம்பனி என் சொற்படிதான் ஆடும் என்பதால், அந்த 40ஐயும் என்னுடையதாகவே எண்ண வேண்டும். எனவே வீதத்தோடு கட்டுப்பாட்டையும் எழுதியாக வேண்டும்: இயக்குநர்களை நியமிப்பது, நீக்குவது யார், யாருடைய பேச்சு எடுபடுகிறது என்று. உடனே கடன் கொடுத்த வங்கியும் ஆலோசனை சொன்ன சட்டத்தரணியும் அதற்குள் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு விதிவிலக்கு எழுதினால், அந்த வழியாகவே சிலர் நழுவுவார்கள்.

சொன்னது உண்மையா என்று பார்ப்பது அடுத்த பிரச்சினை. பிரித்தானியக் கம்பனிப் பதிவாளர் பல வருடங்களாகக் கொடுத்ததைக் கொடுத்தபடியே பதிந்தார். சரிபார்க்கும் அதிகாரம் 2023 சட்டத்தில்தான் கிடைத்தது. அந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதிலும் இழுபறி. எல்லோருக்கும் திறந்துவிடுவது தனியுரிமைக்கு விரோதம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது.

இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தைத் திருத்தி, 2025இல் உண்மையான உரிமையாளரைச் சொல்லும் இந்தக் கடமையைச் சேர்த்துவிட்டார்கள். நான் முதலில் பார்ப்பது தண்டனைப் பிரிவைத்தான். அந்த ஐயாவுக்குத் தண்டப்பணம் போட்டால் முதலாளி கட்டிவிட்டுப் போவார். பிரித்தானியாவில், கேட்ட விபரத்தைத் தராதவரின் பங்குகளுக்கு வாக்குரிமையையும் இலாபப்பங்கையும் கம்பனியே நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால் முதலாளியே எங்கள் படியேறி வருவார்.