ஜோஜோ டாங்கியைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 2022 வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் எப்போது நிற்கும் என்றே சொல்ல முடிவதில்லை. கூரை மழைநீரைப் பிடிக்க 5,000 லிட்டர் ஜோஜோ டாங்கி, பம்பு, சிமென்ட் மேடை எல்லாம் சேர்த்து 18,000 ராண்ட் கேட்கிறார்கள். கடையில் 24 மாதத் தவணையும் உண்டாம். அனுமதி வேண்டுமா? சோலாருக்குக் கொடுத்ததுபோல் வரியில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: வரியில் ஒன்றும் வராது அம்மா. அந்த சோலார் சலுகை 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரைதான். புதிய பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட். பேட்டரிக்கே கொடுக்கவில்லை, டாங்கிக்கு எங்கே!

அனுமதி விஷயம் எளிது. கூரையில் விழும் தண்ணீரைச் சேர்த்துப் பயன்படுத்த 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டமே, அதன் முதல் அட்டவணையில், இடம் கொடுக்கிறது. உரிமம் தேவையில்லை. ஆனால் மழைநீர்க் குழாயை மாநகராட்சிக் குழாயோடு நேராக இணைத்துவிடாதீர்கள். நிரம்பிய டாங்கி 5 டன் கனம். சரிவான மனை என்றால், மேடை போடுமுன் ஈத்தெக்வினி (டர்பன் மாநகராட்சி) கட்டட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டோடு ஒரே கூரை என்றால் அவர்களிடமும்தான்.

இனி பணம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆக 50 சதுர மீட்டர் கூரைக்கு, காகிதத்தில், 50,000 லிட்டர். நிஜத்தில் பெரும்பகுதி கோடையில் கொட்டி, டாங்கி வழிந்து ஓடிவிடும். ஜூன், ஜூலையில் வானம் காய்ந்து கிடக்கும். பாதியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றே வைப்போம்: 25 கிலோலிட்டர். தண்ணீர் விலை பயன்பாடு கூடக்கூடப் படிப்படியாக ஏறும்; உங்கள் பில்லில் கடைசிப் படியின் விலையைப் பாருங்கள், மிச்சமாவது அந்தத் தண்ணீர்தான். கிலோலிட்டருக்கு 50 ராண்ட் என்று கொண்டால் ஆண்டுக்கு 1,250. போட்ட 18,000 திரும்பி வர 14 ஆண்டுக்கு மேல் ஆகும், தவணை வட்டியைச் சேர்க்காமலே.

அதனால் பில் குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். தண்ணீர் நின்ற நாளைச் சமாளிக்க என்றால் வாங்குங்கள், ஆனால் சிறியதாக. நிரம்பிய 2,500 லிட்டர் டாங்கி ஒன்று, பம்பு இல்லாமல் அடியில் ஒரு குழாயோடு, நாளுக்கு 200 லிட்டர் எடுத்தால் 12 நாள் வரும். மாதாமாதம் ஒதுக்கி, அக்டோபர் மழைக்கு முன் ரொக்கமாக வாங்கிவிடலாம். பம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தவணைதான் வழி என்றால் கையெழுத்துக்கு முன் மொத்தச் செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். தேசியக் கடன் சட்டப்படி தந்தாக வேண்டும். அதில் கடன் இன்சூரன்ஸும் இதர கட்டணங்களும் எவ்வளவு என்று பாருங்கள், தவணைத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? அப்படியானால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.