கூரையில் தண்ணீர் தெளிக்க 11,500 டாலரா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், ப்ளூ மவுண்டன்ஸில் ஸ்பிரிங்வுட் பக்கம் எங்கள் வீடு. பின்வேலி தாண்டினால் காடு. 1984-இல் கட்டிய செங்கல் வீடு, கடன் பாக்கி 4.1 லட்சம் டாலர். சேமிப்பு 12,000 டாலர். கூரைமேல் எட்டு ஸ்பிரிங்க்ளர், 5,000 லிட்டர் தொட்டி, மின்சார பம்ப் எல்லாம் சேர்த்து 11,500 டாலர் கேட்கிறார்கள். பிரீமியம் எகிறிவிட்டதால் காப்பீட்டுத் தொகையை 6.5 லட்சத்திலிருந்து 5 லட்சமாகக் குறைத்துவிடலாம் என்கிறார் கணவர். எதை முதலில் செய்வது? – ஒரு வாசகி

பதில்: முதலில் கணவரின் யோசனையைக் கைவிடுங்கள். வீடு முழுதாக எரிந்து இழப்பீட்டைப் பணமாக வாங்கினால், வங்கி தன் கடனுக்கு அதில் கை வைக்கும். 5 லட்சத்தில் 4.1 லட்சம் போனால் மிஞ்சுவது 90,000. அதில் கார் ஷெட் கட்டலாம், வீடு கட்ட முடியாது.

6.5 லட்சமாவது போதுமா என்றால், அதுவும் சந்தேகம்தான். 1984-இல் கட்டிய வீட்டை அப்படியே திரும்பக் கட்ட விடமாட்டார்கள். இன்றைய விதிப்படி உங்கள் மனைக்கு பி.ஏ.எல். என்ற தீ அபாய அளவு குறிக்கப்படும்: 12.5, 19, 29, 40, அதற்கும் மேல் ஃபிளேம் ஜோன் (தீச்சுடரே வீட்டைத் தொடக்கூடிய நிலை). காட்டை ஒட்டிய மனைக்கு 29-க்கு மேல் வந்தாலும் ஆச்சரியமில்லை. அளவு ஏற ஏறக் கண்ணாடி, கதவு, கூரை எல்லாவற்றின் விலையும் ஏறும். எனவே பி.ஏ.எல். மதிப்பீடு எடுத்து, அதன்படி கட்ட எவ்வளவு ஆகும் என்று ஒரு கட்டுநரிடம் எழுத்தில் வாங்குங்கள். இடிபாடு அகற்றும் செலவும் தற்காலிக வாடகையும் காப்பீட்டுத் தொகைக்குள் அடங்குமா, தனியா என்று பாலிசியில் பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் ஈவ்ஸுக்கு (சுவருக்கு வெளியே நீளும் கூரையின் அடிப்பக்கம்) ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஃபைப்ரோ பலகை போட்டிருக்கலாம். அப்படியிருந்தால் அந்த இடிபாட்டை அகற்றும் பில்லே தனிக்கதை.

பிரீமியத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் எக்செஸை, அதாவது ஒவ்வொரு இழப்பிலும் நீங்களே ஏற்கும் தொகையை, உயர்த்துங்கள். 500 டாலரை 2,000 ஆக்கினால் சின்ன சேதத்தை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள். பெரிய இழப்புக்குக் காப்பு அப்படியே இருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். புதிதாக எடுக்கும் பல பாலிசிகளில் முதல் 48 அல்லது 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ சேதம் சேராது. மலைமேல் புகை தெரிந்த பிறகு போன் போட்டுப் பயனில்லை.

இனி ஸ்பிரிங்க்ளர். ஒரு தலை நிமிடத்துக்கு 10 லிட்டர் இறைத்தால் எட்டுக்கும் 80 லிட்டர்; 5,000 லிட்டர் ஒரு மணி நேரத்தில் காலி. கங்குகளோ தீ வருவதற்கு முன்பும், கடந்துபோன பிறகு மணிக்கணக்கிலும் விழும். அந்த நேரத்தில் மின்சாரம் பெரும்பாலும் இருக்காது, பம்ப் நின்றுவிடும். குழாய்த் தண்ணீரை நம்பினால், தெருவே குழாயைத் திறந்து வைத்திருக்கும், அழுத்தம் இறங்கிவிடும். பிளாஸ்டிக் தொட்டியும் பி.வி.சி. குழாயும் உருகும். பலத்த காற்றில் தெளிக்கும் நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். உலோகத் தொட்டி, செம்புக் குழாய், டீசல் பம்ப் என்று முறையாகச் செய்ய உங்கள் பட்ஜெட் போதாது. அரைகுறையாகச் செய்தால், 'தண்ணீர் இருக்கிறதே' என்று வீட்டிலேயே தங்கிவிடும் ஆபத்துதான் மிச்சம்.

பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் மோதி எரிவதில்லை. இடுக்கில் புகுந்த கங்கால்தான் எரிகின்றன. பணத்தை அந்த இடுக்குகளில் போடுங்கள். கூரைக் காற்றுத் துளைகள், தரைக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகள், செங்கல் சுவரின் வடிதுளைகள் ஆகியவற்றுக்கு 2 மி.மீ.-க்கு மேல் கண் இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. இப்போது ஜன்னலில் இருப்பது ஃபைபர்கிளாஸ் கொசுவலை என்றால் அது உருகிவிடும், உலோக வலையாக மாற்றுங்கள். கதவடி இடைவெளிக்கு சீல், கட்டரை (கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்) மூட உலோக வலை. வலை பொருத்த ஈவ்ஸில் நீங்களே துளை போடாதீர்கள். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி கங்குக்குப் பஞ்சு மாதிரி. அபாய நாளில் அதை எடுத்து உள்ளே போடுங்கள், செலவில்லை. கேஸ் சிலிண்டரின் வால்வு வீட்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

மரம் வெட்ட ஆள் பிடிக்கும் முன் ரூரல் ஃபயர் சர்வீஸ் (மாநிலத்தின் காட்டுத்தீ அணைப்புத் துறை) இணையதளத்தில் '10/50' விதி உங்கள் முகவரிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும், 50 மீட்டருக்குள் புதர்களையும் (மரங்களை அல்ல) நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதியில்லாமலே அகற்றலாம். பொருந்தாத இடத்தில் அனுமதியில்லாமல் வெட்டினால் அபராதம் வரலாம். வெட்டும் நாளிலேயே பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

இத்தனையும் முடித்து மிஞ்சும் பணத்தில் 2,000 டாலரைத் தொடாமல் ஆஃப்செட் கணக்கில் (வீட்டுக்கடன் வட்டியைக் குறைக்கும், கடனோடு இணைந்த கணக்கு) வையுங்கள். அன்றைய தீ அபாய அளவு 'கேட்டஸ்ட்ராஃபிக்' (உச்சகட்டம்) என்று அறிவித்தால் முந்தின இரவோ அன்று அதிகாலையோ கிளம்பி, இரண்டு மூன்று நாள் மோட்டலில் தங்க அது ஆகும்.

நகையை மறந்துவிடாதீர்கள். வீட்டுப் பொருள் பாலிசியில் நகைக்கு உச்சவரம்பு உண்டு. தாலிக்கொடியும் வளையலும் ஊரிலிருந்து வந்தவை, ரசீது இருக்காது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, மதிப்பீட்டுச் சான்று வாங்கி, பாலிசியில் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். அக்டோபர் 1-க்குத் தீக்காலம் தொடங்கிவிடும். இதைச் செப்டம்பருக்குள் முடியுங்கள்.