ஹவாயிலிருந்து வெகு தொலைவில், இண்டியானாவின் சிற்றூரில் நடந்த ஸ்டீல் கிட்டார் விழா போன்றவற்றுக்குப் போவதில் பொருள் உண்டா?

உண்டு. ஸ்டீல் கிட்டார் என்பது மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் ஹவாய் வாத்தியம்; ஹவாயன் கிட்டார் என்றும் சொல்வார்கள். நீங்கள் சிகாகோ பக்கம் இருப்பவர் என்றும், முதியவர்கள் கூடிப் பழைய பாட்டு வாசிக்கும் இடத்துக்கு நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டுமா என்று தயங்குகிறீர்கள் என்றும் எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது, ஆனால் அதன் காரணம் வேறு.

என் அத்தை நாற்பது ஆண்டுகள் சித்திரவீணை வாசித்தவர்; கம்பிகளின் மேல் மரக்கட்டையை நகர்த்தி வாசிக்கும் வீணை அது; எங்கள் வீட்டில் அதைக் கோட்டுவாத்தியம் என்றே சொல்வோம். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு சபாவில் அவர் கச்சேரியைத் தொடங்கி வைத்தவர், "இது ஹவாயன் கிட்டார் மாதிரி ஒரு வாத்தியம்" என்று அறிமுகம் செய்தார். அத்தை ஒன்றும் பேசாமல் வர்ணத்தைத் தொடங்கினார். நண்பகல் வேளை என்பதால் கேட்க வந்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. நம்முடைய வாத்தியத்தை நம் ஊரிலேயே இன்னொன்றின் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. அன்றிலிருந்து ஹவாயன் கிட்டார் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அந்த மனத்தாங்கலோடுதான் ஒரு கோடையில் நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் இண்டியானாவின் வின்செஸ்டருக்குப் போனேன். சமுதாயக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மேடையேறி வாசித்தார்கள். கூடத்துக்கு வெளியே நடைபாதையில், எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் மடியில் கிட்டாரைக் கிடத்திக்கொண்டு தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தேன். இடக்கையில் இருந்த எஃகுத் துண்டைக் கம்பிகளின் மேல் நேராக வைக்காமல் சற்றே சாய்த்தார். ஒரு கம்பி ஓரிடத்திலும் மற்றொன்று ஓரிடம் தள்ளியும் ஒலிக்க, இரண்டு சுரங்களும் இணைந்தபடியே நகர்ந்தன. ராகத்தின் ஒற்றைக் கோட்டில் செல்லும் கோட்டுவாத்தியத்தில் நான் பார்த்திராத வித்தை அது. ஆனால் சுரத்தைச் சென்றடைந்ததும் மணிக்கட்டில் எழுந்த அந்த மெல்லிய நடுக்கம் என் அத்தையினுடையது போலவே இருந்தது.

கைப்பேசியில் அத்தையின் படத்தைக் காட்டினேன். எது எதைப் போன்றது என்று அவர் கேட்கவில்லை. "அந்தக் கட்டை எந்த மரம்?" என்றார். கருங்காலி என்றேன். பிறகு தம் எஃகுத் துண்டை என் கையில் வைத்தார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நான் அதைக் கம்பியின் மேல் அழுத்தியதும், "அழுத்தாதீர்கள், அதன் எடையே போதும்" என்று என் விரல்களைத் தூக்கிவிட்டார்.

ஹவாய் மக்களின் இசையை வெளியார் சொந்தம் கொண்டாடுவதை ஆதரிக்கிறேன் என்று சிலர் என்மேல் பாயக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. இது ஓவாஹு தீவின் லாயியே ஊரில் 1874இல் பிறந்து, இதை உருவாக்கியவர் என்று போற்றப்படும் ஜோசப் கெகுகுவின் பெயரோடு இணைந்த வாத்தியம். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவரே 1904இல் தீவை விட்டு அமெரிக்க நிலப்பரப்புக்குச் சென்று, 1932இல் நியூ ஜெர்சியில் மறைந்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பொருட்காட்சிக்குப் பிறகு இந்த ஒலி நாடெங்கும் பரவியது. ஒஹாயோவின் கிளீவ்லாந்திலிருந்த பதிப்பகம் ஒன்று பாடப் புத்தகங்களைச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. நடைபாதையில் நான் கண்ட பெரியவரும் அப்புத்தகங்களில் கற்றவர்தான். சோள வயல்களுக்கு நடுவே இப்படியொரு விழா முளைத்ததற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹவாயில் 1970களில் பண்பாட்டு மறுமலர்ச்சி எழுந்தபோது இளைஞர்கள் பலர், கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்து விரல்களால் மீட்டும் ஸ்லாக் கீ கிட்டார் பக்கம் சாய்ந்தார்கள். ஸ்டீல் கிட்டாருக்குச் சுற்றுலா விடுதியின் இசை என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் ஹொனலூலுவுக்குக் குடிபெயர்ந்து, ஆலன் அகாகா உள்ளிட்ட ஹவாய் இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஜெர்ரி பேர்ட், வின்செஸ்டருக்கு அதிகத் தொலைவில்லாத ஒஹாயோவின் லைமா ஊரில் பிறந்தவர். வெளியூரில் இக்கலை காக்கப்பட்டதால்தான் பிறந்த வீட்டுக்கே அதன் ஒரு பங்கு திரும்பியது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, இப்படியொரு விழா எங்கு நடந்தாலும் போய் வாருங்கள். மேடைக்கு எதிரே உட்காராமல், வாசிப்பவரின் இடப்பக்கமாக, அவருடைய இடக்கை தெரியும்படி உட்காருங்கள். இடைவேளையில் கூடத்தை விட்டு வெளியே வந்து நடைபாதையைப் பாருங்கள்.