ராஸ்புடின் படமும் இளவரசியோட கேசும்

கேள்வி: 1932ல ஹாலிவுட் கம்பெனி எம்ஜிஎம் எடுத்த 'ராஸ்புடின் அண்ட் த எம்ப்ரஸ்' படம் நஷ்டமானதுக்கு, கேஸ் போட்டு காசு பிடுங்கின ரஷ்ய இளவரசிதானே காரணம்?

பதில்: அந்தம்மாவ ஏங்க இழுக்கறீங்க? ஜான், எதெல், லயனல்னு பேரிமோர் குடும்பத்துல மூணு பேரையும் ஒண்ணா நடிக்க வச்சு, கதை வசனம் முழுசா எழுதி முடிக்காமலே ஷூட்டிங் போயி, பாதியில டைரக்டரையும் மாத்தி, செலவு சுமார் 10 லட்சம் டாலருக்கு போயிடுச்சு, அந்த காலத்துல அது எவ்ளோ பெரிய பணம்னு யோசிங்க. கேஸ் லண்டன் கோர்ட்ல விசாரணைக்கு வந்ததே 1934லதான்.

கேஸ் போட்ட அந்த இளவரசி இரினா யூசுபோவ் யாருன்னா, ரஷ்யாவோட கடைசி மன்னர் ஜார் நிக்கோலஸோட தங்கச்சி பொண்ணு. ஜார் குடும்பத்துல செல்வாக்கா இருந்த சாமியார் ராஸ்புடின 1916 டிசம்பர்ல கொன்னது இவங்க வீட்டுக்காரர் ஃபெலிக்ஸும் அவர் ஆளுங்களும்தான், அதுவும் சொந்த அரண்மனையிலயே, அப்ப இவங்க ஊர்லயே இல்ல, கிரிமியால இருந்தாங்க. படத்துல என்ன பண்ணாங்க? கொலை பண்ற இளவரசருக்கு நடாஷான்னு ஒரு ஜோடி, அந்த பொண்ண ராஸ்புடின் கெடுத்துட்டதா காட்டினாங்க. படம் ஆரம்பிக்கும்போதே இதுல வர்றவங்கள்ல சிலர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு கார்டு வேற! அப்புறம் பாக்கறவன் யாரை நினைப்பான்?

தெரியாம நடந்ததும் இல்ல இது. கதை இலாகாவுல இருந்த மெர்சிடிஸ் டி அகோஸ்டா, இரினா ராஸ்புடின சந்திச்சதே கிடையாது, இப்படி எடுத்தா கேஸ் வரும்னு தயாரிப்பாளர் தால்பெர்க் கிட்ட சொன்னதாவும், அதுக்கு தன் வேலையே போச்சுன்னும் பின்னாடி எழுதியிருக்காங்க. கோர்ட்ல கம்பெனி வக்கீல் என்ன வாதாடினார் தெரியுமா, பலாத்காரம் பண்ணப்பட்டாங்கன்னு காட்டினா அது அந்த பொண்ணுக்கு அவமானம் ஆகாதாம், ஏன்னா தப்பு அவங்க மேல இல்லையே! தப்பு இல்லதான், ஆனா நடக்காத ஒண்ண நடந்ததா உலகம் பூரா திரை போட்டு காட்டினா அந்த குடும்பம் எப்படி வெளிய தலை காட்டும்? ஜூரி 25,000 பவுண்ட் குடுக்க சொல்லிச்சு, அப்பீல்லயும் எம்ஜிஎம் தோத்துச்சு, நியூயார்க்ல இருந்த இன்னொரு கேச கோர்ட்டுக்கு வெளிய பேசி முடிச்சாங்க. படங்கள்ல இப்ப போடற 'கதாபாத்திரங்கள் யாவும் கற்பனையே' கார்டு பரவினதுக்கு இந்த கேஸ்தான் முக்கிய காரணம்.

நடாஷாவ ராஸ்புடின் கெடுக்கற அந்த சீன வெட்டிட்டாங்க, அதனால இன்னைக்கு படத்த பாத்தா ராஸ்புடின தெய்வமா நம்பின நடாஷா திடீர்னு அவன பாத்து ஏன் நடுங்கறான்னே புரியாது. லயனல் நடிப்புக்காக ஒரு தடவை பாருங்க, நஷ்டக் கணக்க மட்டும் இரினா தலையில கட்டாதீங்க.