ஒரே அலமாரி, எழுபதுகளின் ராக் தோற்றம்

லண்டனில் சின்ன அறை, ஒரே அலமாரி, எழுபதுகளின் ராக் பாணியில் உடுத்த ஆசை, ஆனால் அதே துணிகள் அலுவலகத்துக்கும் ஒத்துவர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும்.

பணத்தில் பெரும்பங்கை ஜாக்கெட்டில் போடுங்கள். குறுக்கு ஜிப் வைத்த கறுப்பு லெதர் ஜாக்கெட், 1928-இல் நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் கொண்டுவந்த பெர்ஃபெக்டோவின் வழி வந்தது. ரமோன்ஸ் என்ற ராக் இசைக்குழு அதைக் கிட்டத்தட்ட சீருடையாகவே ஆக்கிவிட்டது. பழையது வாங்கினால் தோள் கச்சிதமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கை நீளத்தைக் குறைத்துவிடலாம், தோளைத் திருத்துவது பெரும்பாடு, கூலியும் அதிகம்.

அப்புறம் நேர்க்கால் ஜீன்ஸ் இரண்டு: கறுப்பு ஒன்று, கருநீலம் ஒன்று. கிழிசல் வேண்டாம், அலுவலகத்தில் எடுபடாது. கறுப்பை உட்புறம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்தால் சீக்கிரம் வெளுக்காது.

இசைக்குழு டி-ஷர்ட் இரண்டு போதும். நீங்கள் நிஜமாகவே கேட்கும் குழுவாக இருக்கட்டும், யாராவது பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள்! வேலை நாளில் வெள்ளைச் சட்டையும் மெல்லிய கறுப்பு டையும். ராக் பாடகி பாட்டி ஸ்மித்தின் (Patti Smith) 1975 ஆல்பம் அட்டையைப் பாருங்கள், வெள்ளைச் சட்டையிலேயே எவ்வளவு மிடுக்கு!

காலுக்கு டாக்டர் மார்ட்டென்ஸ் நிறுவனத்தின் 1460 பூட்ஸ். புதிதில் குதிகாலைக் கடிக்கும், தடித்த சாக்ஸ் போட்டு வீட்டுக்குள் பழக்குங்கள். ஆணி பதித்த பெல்ட்டை ஜாக்கெட் போடாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடும்.