நாலு நட்சத்திரமா, பெரிய சி.பி.யா: எந்தக் கியாரடோஸுக்கு டஸ்ட் போடுவது?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போகிமான் என்ற உயிரினங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடும் போகிமான் கோ என்ற செல்போன் ஆட்டத்தில், அவரிடம் கியாரடோஸ் என்ற இனத்தில் இரண்டு. ஒன்று சி.பி. (காம்பாட் பவர், ஆட்டம் காட்டும் பல எண்) 2783, அப்ரைஸ் செய்தால், அதாவது தரம் பார்த்தால், இரண்டு நட்சத்திரம், மூன்று பட்டையும் பத்துப் பத்து. இன்னொன்று சி.பி. 1937தான், ஆனால் நாலு நட்சத்திரம், மூன்று பட்டையும் முழுசு. "ஏனுங்ணா, நாலு நட்சத்திரத்தை விடவே கூடாதுங்கறான் ஒருத்தன், நம்பர் பெருசா இருக்கறதுதான் அடிக்கும்ங்கறான் இன்னொருத்தன். கையில இருக்கற ஸ்டார்டஸ்ட் எம்பதாயிரந்தான். எதுல போடறது? அந்த நம்பரை எப்படித்தான் கணக்குப் போடறாங்க?"

இன்றைக்கே ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை அடிக்கும் சண்டை) கிளம்புவதாக இருந்தால் 2783தான், யோசிக்கவே வேண்டாம். டஸ்ட், அதாவது போகிமானின் லெவலை ஏற்றச் செலவாகும் ஸ்டார்டஸ்ட், எதில் போடுவது என்பதற்குக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு போகிமானுக்கும் அட்டாக் (அடிக்கும் பலம்), டிஃபென்ஸ் (தடுக்கும் பலம்), ஸ்டாமினா (உயிர்) என்று மூன்று அடிப்படை எண்கள் உண்டு. அது இனத்துக்கானது, உங்கள் கியாரடோஸுக்கும் என் கியாரடோஸுக்கும் ஒன்றுதான்: 237, 186, 216. இந்த எண்கள் நிண்டெண்டோ ஆட்டங்களில் இருக்கும் ஆறு எண்களிலிருந்து காய்ச்சி எடுத்தவை. அங்கே கியாரடோஸுக்கு அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் 60. இரண்டில் பெரியதில் எட்டில் ஏழு பங்கு, சிறியதில் எட்டில் ஒரு பங்கு எடுத்துக் கூட்டி இரட்டித்தால் 233.75, முழுசாக்கினால் 234. அப்புறம் வேகம். 75-ஐ நடுவாக வைத்து, அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்நூறில் ஒரு பங்கு கூடும், கீழே போனால் குறையும். கியாரடோஸின் வேகம் 81, ஆகவே 1.012 மடங்கு, 234 என்பது 237 ஆகிவிடும். டிஃபென்ஸுக்கும் இதே வழி, பங்கு மட்டும் எட்டில் ஐந்தும் எட்டில் மூன்றும். ஸ்டாமினாவுக்கு வேகமெல்லாம் கிடையாது, அங்கே இருக்கும் ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) 95-ஐ 1.75-ஆல் பெருக்கி 50 கூட்டினால் 216 வந்துவிடும், தசமத்தை வெட்டிவிடுவார்கள். ரொம்பப் பலசாலியாகிவிடும் சில இனங்களுக்கு இதற்கு மேல் 9 சதவீதம் வெட்டும் உண்டு, கியாரடோஸுக்கு அது இல்லை.

இதற்கு மேலே வருவதுதான் ஐ.வி., அது அந்தந்தப் போகிமானுக்கு மட்டுமானது. அட்டாக், டிஃபென்ஸ், ஸ்டாமினா ஒவ்வொன்றோடும் 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண் கூடும். அப்ரைஸில் தெரியும் மூன்று பட்டைகள் அதுதான். மொத்தம் 45-க்கு 45 என்றால் நாலு நட்சத்திரம், 37-லிருந்து 44 வரை மூன்று, 30-லிருந்து 36 வரை இரண்டு. தம்பியின் முதல் கியாரடோஸ் 30, அதாவது இரண்டு நட்சத்திர வாசலில் கால் வைத்து நிற்கிறது.

கடைசியாக லெவல். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது: லெவல் 20-க்கு 0.5974, 30-க்கு 0.7317, 40-க்கு 0.7903, 50-க்கு 0.8403. அடிப்படை எண்ணோடு ஐ.வி.யைக் கூட்டி, இந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் சண்டையில் நிஜமாக வேலை செய்யும் அட்டாக், டிஃபென்ஸ், ஹெச்.பி. கவனித்தால் தெரியும், 30-க்கு மேலே ஏற்றம் மந்தமாகிவிடுகிறது, ஆனால் டஸ்ட் செலவு அங்கேதான் எகிறுகிறது.

சி.பி. என்பது இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. அட்டாக்கை அப்படியே எடுத்து, டிஃபென்ஸின் வர்க்கமூலத்தாலும் ஸ்டாமினாவின் வர்க்கமூலத்தாலும் பெருக்கி, லெவல் எண்ணை இரண்டு தடவை பெருக்கி, பத்தால் வகுத்து, தசமத்தை வெட்டினால் சி.பி. லெவல் எண் இரண்டு தடவை வருகிறது பாருங்கள், அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு போகிமானை 20-லிருந்து 40-க்கு ஏற்றினால் சி.பி. முக்கால் மடங்கு கூடிவிட்டதாகக் காட்டும், ஆனால் சண்டையில் அட்டாக் கூடியது 32 சதவீதம்தான். சி.பி. பொய் சொல்லவில்லை, கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இப்போது தம்பியின் இரண்டையும் இந்தக் கணக்கில் ஓட்டினால், 2783 என்பது லெவல் 30, நாலு நட்சத்திரத்து 1937 என்பது லெவல் 20. நிஜ அட்டாக் முதலாவதுக்கு 180.7, இரண்டாவதுக்கு 150.5. ஹெச்.பி. 165-க்கு 137. நட்சத்திரம் நாலு இருந்தும் இன்றைக்கு இரண்டாவது நன்றாகவே பின்னால் நிற்கிறது. சரி, அதை லெவல் 30-க்கு ஏற்றினால்? 75,000 ஸ்டார்டஸ்ட், 66 கேண்டி (அந்த இனத்தைப் பிடித்தால் கிடைக்கும் மிட்டாய்) செலவாகும், சி.பி. 2907-க்கு வரும். அட்டாக் 184.4. ஆக கையில் இருப்பதை எல்லாம் கொட்டி, ஏற்கெனவே வைத்திருக்கும் ஒன்றைவிட 2 சதவீதம் கூடுதலாக அடிக்கும் இன்னொன்றைச் செய்து வைத்திருப்பார். 0-0-0 ஐ.வி. உள்ள மட்டமான கியாரடோஸ்கூட லெவல் 40-ல் 2967 வரும், முழு ஐ.வி.க்கு 3391, அட்டாக்கில் வித்தியாசம் 6 சதவீதம்தான். காங்கேயம் காளை வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார்தான், அதற்காகச் சுழி நன்றாக இருக்கிறது என்று கன்றுக்குட்டியை வண்டியில் பூட்டமாட்டார்.

அதனால் டஸ்ட்டை 2783-ல் போடலாமா என்றால், அதையும் உடனே செய்ய வேண்டாம் என்பேன். 30-லிருந்து 40-க்குப் போக 1,50,000 டஸ்ட்டும் 182 கேண்டியும் வேண்டும், கிடைப்பது அட்டாக்கில் 8 சதவீதம். ரெய்டுக்கு லெவல் 30 போதும், அதற்குப் பதில் வேறு வகையில் (தண்ணீர், மின்சாரம் என்பது போல) இன்னொரு நல்ல போகிமானை 30-க்குக் கொண்டுவந்தால் அணி பலமாகும். ஏனென்றால் வகைப் பொருத்தம் சரியாக இருந்தால் அடி 1.6 மடங்கு, தன் வகையிலேயே உள்ள மூவ் (தாக்கும் முறை) என்றால் 1.2 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 1.92. ஐ.வி. தரும் 6 சதவீதம் இதன் முன்னால் எங்கே நிற்கும்? கியாரடோஸ் தண்ணீரும் பறப்பதும் சேர்ந்த வகை, ஆகவே மின்சார அடிக்கு 2.56 மடங்கு வாங்கும். எதிரில் மின்சாரம் நின்றால் நாலு நட்சத்திரம் வைத்துக்கொண்டு என்ன செய்ய, சாய வேண்டியதுதான். ஷேடோ கியாரடோஸ் (ஆட்டத்து வில்லன் கூட்டத்திடமிருந்து மீட்பது) கிடைத்தால் ஐ.வி. எவ்வளவு மோசமாக இருந்தாலும் எடுத்து வையுங்கள், அதற்கு அடி 20 சதவீதம் கூடுதல், வாங்கும் அடியும் அதேபோல் கூடும். நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டு அவசரமாகப் பியூரிஃபை செய்து ஷேடோ தன்மையை நீக்கிவிடாதீர்கள், ஒவ்வொரு பட்டைக்கும் 2 கூடும், அந்த 20 சதவீதம் போய்விடும்.

ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும், 1500 சி.பி. வரம்புள்ள கிரேட் லீகில் மட்டும் கதை தலைகீழ். சி.பி. சூத்திரத்தில் அட்டாக் முழுசாக எண்ணப்படுகிறது, மற்ற இரண்டும் வர்க்கமூலமாக, அதனால் வரம்புக்குள் நிற்கும்போது அட்டாக் ஐ.வி. குறைவாக இருந்தால்தான் லெவலை மேலே ஏற்ற இடம் கிடைக்கும். அசுமரில் என்ற போகிமானை எடுத்துக்கொண்டால், நாலு நட்சத்திரம் லெவல் 36-லேயே 1497-ல் முட்டி நின்றுவிடும், ஹெச்.பி. 184. அட்டாக் 0, மற்றவை 15 உள்ளது லெவல் 45.5 வரை போய் 1499-ல் நிற்கும், ஹெச்.பி. 196, டிஃபென்ஸும் கூடுதல். லெவல் 40-க்கு மேலே ஏற்றத் தேவைப்படும் எக்ஸ்.எல். கேண்டி ஏகத்துக்குச் செலவாகும் என்பது வேறு விஷயம். ஆகவே அட்டாக் பட்டை காலியாக இருக்கிறது என்று எதையும் அவசரமாக டிரான்ஸ்ஃபர் செய்து அனுப்பிவிட வேண்டாம்.

இனிமேல் கியாரடோஸாகப் பரிணமிக்கும் மேஜிகார்ப்பைப் பிடிக்கும்போது, பரிணாமத்துக்கு முன்னாலேயே அப்ரைஸ் பாருங்கள், ஐ.வி.யும் லெவலும் பரிணாமத்தில் மாறாது, 400 கேண்டி சும்மா வருவதில்லை. ஐப்பசி மழையில் ஆட்டத்திலும் மழை என்று காட்டினால் தண்ணீர் வகையெல்லாம் ஐந்து லெவல் கூடுதலாக வரும், வெளியில் திரிவதைப் பிடித்தால் லெவல் 35 வரைகூட இருக்கும், ஐ.வி.யும் 4-4-4-க்குக் கீழே போகாது. லெவல் 35-ல் ஒன்று அகப்பட்டால் நட்சத்திரம் ஒன்றாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நட்சத்திரத்துக் கியாரடோஸை அழிக்க வேண்டாம், டஸ்ட் ஐந்தாறு லட்சம் சேர்ந்த பிறகு அதை 50 வரை கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அப்போது எடுக்கலாம், 20-லிருந்து 50-க்கு 4,75,000 டஸ்ட், எக்ஸ்.எல். கேண்டி 296.